ஆறு பாடங்களும் ஒரு தாய்மொழியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பற்றியோ காப்பியங்களின் சுவையைப் பற்றியோ பேசுவதே மரபு. அவற்றைப் பேசுவதற்குத் தகுதி வாய்ந்த பெருமக்கள் இன்று இவ்வவையில் வீற்றிருக்கின்றனர். ஆதலின் நாம் எடுத்துக்கொண்டிருப்பது வீட்டுக் கூடத்தில் பேசப்பட வேண்டிய ஒரு பொருளையே. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைக் கடந்து, அனைத்துலகப் பட்டயப் படிப்பின் வாயிலில் நிற்கும்போது, எப்பாடங்களை எடுப்பது, எவற்றை விடுப்பது என்பதே அப்பொருள்.

'அப்பள்ளிகளின் கட்டணம் நம் போன்றோர் சம்பளத்தில் அடங்குமா? இந்தப் பேச்சு நமக்கு எதற்கு?' என்று சிலர் நினைக்கலாம். கட்டணத்தைப் பற்றி அவர்கள் நினைப்பது முற்றிலும் சரியே. ஆனால் வாயில் அடியோடு அடைபட்டுவிடவில்லை. 1962-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டில் ஒரு பழைய கோட்டையில் தொடங்கிய 'யுனைடெட் வேர்ல்டு காலேஜ்' என்னும் கல்வி இயக்கத்தின் கிளை ஒன்று, நம் புனே நகரை அடுத்த முல்ஷிப் பள்ளத்தாக்கில் 1997 முதல் நடந்து வருகிறது. அங்கே தேர்ந்தெடுக்கப்படும் மாணாக்கருக்குக் குடும்ப நிலையைப் பார்த்து உதவித் தொகை அளிக்கும் ஏற்பாடு உண்டு. ஆகவே எழுத்தரின் பிள்ளையும், பிட்டரின் பிள்ளையும், கலாசியின் பிள்ளையும் அவ்வாயிலில் சென்று நிற்கலாம். இவ்வாண்டு நம் குடியிருப்பிலேயே ஒரு பெண்ணுக்கு இத்தகைய படிப்புக்கு உதவித் தொகையுடன் இடம் கிடைத்திருக்கிறது. அவள் தந்தையார் ஒரு விண்ணப்பத் தாளை எடுத்துக்கொண்டு நம் சங்க நூலகத்துக்கு வந்தார். அதில் பாடங்களை எழுதுவதற்கு ஆறு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அவற்றை நிரப்புமுன் நாம் அனைவரும் கூடி எண்ணிப் பார்த்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம். அடுத்த ஆண்டு வேறொரு வீட்டுக்கு அதே தாள் வரக்கூடும்.

முதலில் இந்தப் படிப்பு யாது என்பதைச் சுருங்கச் சொல்வோம். 'இன்டர்நேஷனல் பக்கலோரியேட்' என்னும் அமைப்பு 1968-இல் ஜெனீவா நகரில் நிறுவப்பட்டது. தூதுவர்கள், உலக நிறுவனங்களின் அலுவலர்கள் முதலியோர் நாடு விட்டு நாடு மாறிச் செல்லும்போது அவர்தம் பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகாமல் இருக்க ஒரு பொதுப் பரீட்சை வேண்டும் என்பதே அதன் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. மாற்றல் உத்தரவு வந்தால் பிள்ளையின் பள்ளி என்னாகும் என்ற கவலை ரயில்வேக் குடும்பங்களுக்குப் புதிதன்று. நம் நாட்டில் இந்த டிப்ளமாவை முதன்முதலில் நடத்தத் தொடங்கியது தமிழகத்தின் கொடைக்கானலில் உள்ள ஒரு பள்ளி, ஆண்டு 1976.

பதினாறு வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள மாணாக்கர் இரண்டாண்டு படிப்பது இது. பாடங்கள் ஆறு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் தொகுதி, மாணவன் நன்கு அறிந்த மொழியும் அதன் இலக்கியமும். இரண்டாவது, அவன் கற்றுக்கொள்ளும் மற்றொரு மொழி. மூன்றாவது, வரலாறு, பொருளாதாரம், புவியியல் போன்ற சமூகப் பாடங்கள். நான்காவது அறிவியல், ஐந்தாவது கணிதம், ஆறாவது கலைகள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு பாடம் என ஆறு பாடங்கள் எடுக்க வேண்டும். கலையை விரும்பாதவர் அதற்கு மாற்றாக இன்னொரு அறிவியல் பாடத்தையோ, சமூகப் பாடத்தையோ, மொழியையோ எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வாறனுள் மூன்றை உயர்நிலையிலும் மூன்றைப் பொதுநிலையிலும் படிப்பது வழக்கம். நான்கை உயர்நிலையில் எடுப்பதற்கும் இடமுண்டு. உயர்நிலைப் பாடத்துக்கு 240 மணி நேரமும் பொதுநிலைப் பாடத்துக்கு 150 மணி நேரமும் வகுப்பு நடத்தப் பரிந்துரைத்துள்ளனர். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏழு புள்ளி உச்சம். ஆறு பாடங்களுக்கு 42. இவற்றோடு 4,000 சொல்லுக்கு மிகாத நீண்ட கட்டுரை ஒன்றும், அறிவைப் பற்றி ஆராயும் பாடம் ஒன்றும் உண்டு. அவ்விரண்டுக்கும் சேர்த்து மூன்று புள்ளி. ஆக மொத்தம் 45. பட்டயம் பெறக் குறைந்தது 24 புள்ளிகள் வேண்டும். வேறு சில நிபந்தனைகளும் உள. கலை, உடற்பயிற்சி, பொதுத்தொண்டு ஆகியவற்றிலும் மாணவன் ஈடுபட்டாக வேண்டும்.

நிற்க. நம் பிள்ளைகளின் நிலையை இனிப் பார்ப்போம். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளி விளையாட்டுத் திடலில் இந்தி, பாடப் புத்தகத்தில் ஆங்கிலம். நான்கு மொழியிலும் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவரும் பிள்ளை, நான்கில் எதிலும் ஒரு பக்கம் நிறைவாக எழுதத் தடுமாறுவதை நாம் பார்க்கிறோம். இதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. எந்த மொழியிலும் ஆழமாகப் படிப்பதற்கு நாம் வழி செய்யவில்லை என்பதே. அனைத்துலகப் பட்டயத்தில் பாடங்கள் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மொழிகளில். நம் நாட்டில் அது ஆங்கிலம். ஆகவே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் வேலை இருமடங்கு கவனத்தோடு செய்ய வேண்டியதாகிறது.

அந்தப் பெண்ணின் தாயார், 'ஆங்கிலம் கொஞ்சம் கஷ்டம் என்றால் கணக்கும் சயன்ஸும் எடுத்துக்கொள்ளட்டும். நம்பருக்கு பாஷை ஏது?' என்றார். நம் குடியிருப்பில் பெரும்பாலோர் எண்ணமும் அதுவே. இதில் பாதி உண்மை. பாதி அவ்வளவு உண்மையன்று.

கணிதத்தை எடுத்துக்கொள்வோம். 2019 முதல் இப்பட்டயத்தில் கணிதம் இரண்டு வழிகளாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்று, 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்' என்பது. சூத்திரம், நிறுவல், நுண்கணிதம் ஆகியவற்றில் ஊன்றிச் செல்வது. அதன் தாள்களுள் ஒன்றைக் கால்குலேட்டர் இல்லாமலே எழுத வேண்டும். மற்றொன்று, 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்ப்ரெட்டேஷன்' என்பது. வாழ்க்கையிலும் தொழிலிலும் வரும் சூழ்நிலைகளை வாக்கியங்களில் விவரித்து, அவற்றுக்குக் கணக்கைப் பொருத்தச் சொல்வது. எல்லாத் தாள்களிலும் கால்குலேட்டர் உண்டு. பெயரைப் பார்த்து இரண்டாவது எளிது என்று எண்ணி நம்மவர் அதனைத் தேர்வதுண்டு. ஆனால் வாக்கியங்களை வாசித்துப் பொருள் கொள்ளும் வேலை அதில் மிகுதி. குறியீடுகளில் கைதேர்ந்து, ஆங்கில வாசிப்பில் தளர்ந்த பிள்ளைக்கு முதல் வழியே ஒருவேளை இலகுவாக இருக்கும். பொறியியல் படிக்க விரும்புவோரிடம் பல பல்கலைக்கழகங்கள் அந்த முதல் வழியையே எதிர்பார்க்கின்றன என்பதும் நினைவிலிருக்கட்டும்.

அந்த முதல் வழியிலும் மொழி இல்லாமல் இல்லை. வினாத்தாளில் 'ஹென்ஸ்' என்று ஒரு சொல் வரும். அகராதியைப் பார்த்தால் 'ஆகையால்' என்று பொருள் சொல்லும். வினாத்தாளில் அதன் பொருள், 'மேலே நீ கண்ட விடையைக் கொண்டே அடுத்ததைச் செய்' என்பது. வேறு வழியில் சரியான விடை கண்டாலும் மதிப்பெண் குறையலாம். 'ஹென்ஸ் ஆர் அதர்வைஸ்' என்று வந்தாலோ, மேலே கண்ட விடையைப் பயன்படுத்துவது நலம், பிற வழியும் ஏற்கப்படும் என்று பொருள். 'ரைட் டவுன்' என்றால் விடையை எழுதினால் போதும். வழிமுறை காட்ட வேண்டியதில்லை. 'ஷோ தட்' என்றால் விடை முன்பே கொடுக்கப்பட்டிருக்கிறது. அதனை அடையும் வழிக்கே மதிப்பெண். கணக்கு தெரிந்த பிள்ளை இச்சிறு சொற்களில் இடறிப் புள்ளிகளை இழப்பதைத் தடுக்க வேண்டாமா?

அறிவியலிலும் இதுவே நிலை. 'ஸ்டேட்' என்றால் பெயரையோ அளவையோ ஒரு வரியில் சொல்ல வேண்டும். 'அவுட்லைன்' என்றால் சுருக்கமான விவரம். 'டிஸ்கிரைப்' என்றால் விரிவான விவரம். 'எக்ஸ்பிளெய்ன்' என்றால் காரணத்தோடு விவரம். 'இவால்யுவேட்' என்றால் நிறையும் குறையும் சீர்தூக்கி முடிவு கூறல். இச்சொற்களுக்கு அப்பாடத் திட்டமே பொருள் வரையறுத்து வெளியிட்டிருக்கிறது. சில பத்துச் சொற்கள்தாம். நம் அலுவலகத்தில் புதிதாக வந்த எழுத்தர் முதல் மாதத்தில் கோப்புக் குறிப்புகளின் சொற்களை மனப்பாடம் செய்வதுபோல், மாணவன் முதல் மாதத்திலேயே இவற்றைத் தமிழ்ப் பொருளோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், ஆறு பாடத்துக்கும் அது உதவும். மேலும், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய ஒவ்வொன்றிலும் மாணவன் தானே ஒரு சோதனையை வகுத்துச் செய்து, 3,000 சொற்களுக்கு மிகாமல் அறிக்கை எழுத வேண்டும். கணிதத்திலும் ஓர் ஆய்வுக் கட்டுரை உண்டு. ஆகவே, 'நம்பருக்குப் பாஷை வேண்டாம்' என்ற எண்ணத்தோடு அறிவியலுக்குள் ஓடி ஒளிந்துகொள்ள இயலாது. அறிவியலில் வாக்கியங்கள் குறுகியவை, சொற்கள் திட்டமானவை, ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருவது என்ற நன்மை மட்டும் உண்டு. அந்த நன்மையும் சிறிதன்று.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். ஆங்கிலத்தை இப்படிப்பில் இரண்டு விதமாக எடுக்கலாம். ஒன்று முதல் தொகுதியில், நன்கறிந்த மொழியாக; இதனை 'லாங்குவேஜ் ஏ' என்பர். மற்றொன்று இரண்டாம் தொகுதியில், கற்கும் மொழியாக. இதனை 'லாங்குவேஜ் பி' என்பர். முதலாவதில் நாடகம், கவிதை, நாவல் ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும். இரண்டாவதில் கடிதம், கட்டுரை, உரை முதலிய பல வகைகளில் எழுதவும், படித்தும் கேட்டும் பொருள் கொள்ளவும், பேசவும் பயிற்சி. அதிலும் உயர்நிலையில் இரண்டு இலக்கிய நூல்களைப் படிக்க வேண்டும்.

'பி' என்ற எழுத்தைக் கண்டதும் நம்மவர் முகம் சுருங்குகிறது. அதனை ஏதோ இரண்டாம் வகுப்புப் பெட்டி என்று எண்ணுகிறோம். நமக்குள்ள அவமான உணர்ச்சியால் பிள்ளையை முதல் தொகுதி ஆங்கிலத்தில் கொண்டுபோய் ஏற்றிவிடத் துடிக்கிறோம். அன்பர்களே, அதற்கும் உச்சப் புள்ளி ஏழு. இதற்கும் உச்சப் புள்ளி ஏழு. பட்டயத்தைக் கூட்டிப் பார்க்கும்போது ஏழு ஏழுதான். வளரும் ஆங்கிலத்தைக் கற்கும் மொழியாக எடுத்து ஆறோ ஏழோ வாங்கும் பிள்ளை, பிறர் வியக்க வேண்டும் என்று முதல் தொகுதி ஆங்கிலத்தில் சிக்கி மூன்று வாங்கும் பிள்ளையைவிடத் தாழ்ந்தவன் ஆகான். சேரவிருக்கும் பல்கலைக்கழகம் ஆங்கிலத்துக்கு எந்த நிலையில் எத்தனை புள்ளி கேட்கிறது என்பதை மட்டும் முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கு ஆண்டுகளாக ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றைக்கூடக் கீழே வைக்காத பிள்ளைகளும் நம் குடியிருப்பில் உண்டு. அவர்களுக்கு முதல் தொகுதி ஆங்கிலமே தக்கது. அவர்களை நாம் தடுக்கவில்லை. அவர்கள் வேறொரு மொழியையும் முதல் தொகுதியிலேயே எடுத்து, இரண்டிலும் குறைந்தது மூன்று புள்ளி பெற்று, மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றினால், இருமொழிப் பட்டயம் என்ற சிறப்பும் கிடைக்கும்.

ஆங்கிலம் இரண்டாம் தொகுதிக்குச் சென்றால், முதல் தொகுதியில் எம்மொழி? இதுவே இன்றைய பேச்சின் மையம்.

போதிய எழுத்திலக்கியம் உள்ள எம்மொழியையும் முதல் தொகுதியில் இலக்கியப் பாடமாகப் படிக்க வேண்டலாம் என்பது இப்படிப்பின் கொள்கை. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய தமிழுக்கு அதில் இடம் உண்டு. ஆனால் பள்ளியில் தமிழாசிரியர் இருக்க வேண்டுமே? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பள்ளியின் மேற்பார்வையில் மாணவன் தானே கற்கும் முறை ஒன்று உண்டு. அது பொதுநிலையில் மட்டுமே. இலக்கியப் பாடமாக மட்டுமே. இரண்டாண்டில் ஒன்பது நூல்களைப் படிக்க வேண்டும். அவற்றுள் சில பிற மொழிகளிலிருந்து தமிழில் பெயர்த்தவையாக இருத்தல் வேண்டும். பரீட்சையில் முன் கண்டிராத ஒரு பகுதியைக் கொடுப்பார்கள். அதனை ஆராய்ந்து எழுத வேண்டும். தான் படித்த இரு நூல்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். வாய்மொழித் தேர்வும் உண்டு. பள்ளியில் சேரும்போதே இதனைக் கேட்டு, மே மாதம் அல்லது நவம்பர் மாதம் எனத் தான் எழுதும் பருவத்தில் தமிழ்த்தாள் உண்டா என்பதையும் எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும். பிந்திக் கேட்டால் பயனில்லை; வண்டி புறப்பட்ட பிறகு முன்பதிவு செய்ய முடியாது.

தமிழை முதல் மொழியாக எடுக்கும் பிள்ளைக்குக் கிட்டும் நன்மை என்ன? தான் சிந்திக்கும் மொழியில், தடையின்றி, ஒரு கருத்தை அதன் கடைசி முனை வரை கொண்டுசெல்லும் பழக்கம் கிடைக்கும். மற்ற ஐந்து பாடங்களிலும் அவன் ஆங்கிலத்தோடு மல்லாடும்போது, ஒரு பாடத்திலேனும் அறிவு தன் முழு உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். முன்பு சொன்ன 4,000 சொல் நீண்ட கட்டுரையையும் அவன் விரும்பினால் தமிழிலக்கியம் பற்றித் தமிழிலேயே எழுதலாம். ஒரு மொழியில் காரண காரியத் தொடர்போடு எழுதக் கற்றவன், அத்திறனை மறு மொழிக்கும் எடுத்துச் செல்வான். வீடு ஒன்றை ஒழுங்காகக் கட்டத் தெரிந்த கொத்தனார், ஊர் மாறினாலும் வீடு கட்டுவார். செங்கல்லின் அளவை மட்டும் புதிதாகக் கற்றுக்கொள்வார்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாய்மொழி என்பதனாலேயே ஒருவனுக்கு அது நன்கறிந்த மொழி ஆகிவிடுவதில்லை. 'அம்மா, தோசை போடு. அப்பா, பேனா எங்கே?' என்ற அளவில் நின்றுவிட்ட தமிழை வைத்துக்கொண்டு, ஒன்பது நூல்களை ஆராய முடியாது. பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் இடையே உள்ள தொலைவை நாம் அறிவோம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையை, நம் பெருமைக்காகத் தமிழிலக்கியத்தில் கொண்டுபோய் விடுவது, ஆங்கில மோகத்தால் அவனை ஆங்கில இலக்கியத்தில் தள்ளுவதைவிட எவ்விதத்திலும் மேலானதன்று. இரண்டிலும் நம் ஆசைக்குக் கப்பம் கட்டுவது பிள்ளைதான். அவன் மராத்திப் பள்ளியில் பத்தாண்டு படித்து மராத்தியில் நன்றாக எழுதுவானாகில், மராத்தியே அவனுக்கு முதல் மொழி ஆகட்டும். இந்தியில் தேர்ந்தவனுக்கு இந்தி ஆகட்டும். இதைத் தமிழ்ச் சங்க மேடையில் நின்று சொல்வது சிலருக்குக் கசக்கும். எனினும் பிள்ளையின் இரண்டாண்டுக் காலம் நம் மேடைப் பேச்சைவிடப் பெரிது.

எம்மொழி நன்கறிந்த மொழி என்று காண்பது எப்படி? நூலகத்தில் அந்தப் பெண்ணுக்கு நாம் செய்து பார்த்த எளிய சோதனையைச் சொல்கிறோம். அவள் முன்பு படித்திராத ஒரு சிறுகதையைத் தமிழிலும், ஏறக்குறைய அதே அளவுள்ள மற்றொரு கதையை ஆங்கிலத்திலும் கொடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். 'இக்கதையில் வரும் மனிதர் ஏன் இப்படி நடந்துகொண்டார்? ஒரு பக்கம் எழுது' என்பதே கேள்வி. பிழைகளை நாம் எண்ணவில்லை. கருத்து எதில் தொலைவாகச் சென்றிருக்கிறது என்றே பார்த்தோம். ஆங்கிலத் தாளில் கதையைத் திருப்பிச் சொல்லியிருந்தாள். இலக்கணப் பிழை குறைவு. தமிழ்த் தாளில் ஒற்றுப் பிழைகள் பல. றகர ரகர மயக்கமும் உண்டு. ஆனால் அக்கதையில் வரும் தகப்பன் பேசாமல் இருந்ததற்கு மூன்று காரணங்கள் சொல்லி, மூன்றாவதே உண்மையானது என்று வாதாடியிருந்தாள். ஒற்றுப் பிழையை ஆறு மாதத்தில் திருத்திவிடலாம். வாதாடும் அறிவு எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. முதல் கட்டத்தில் தமிழ் என்று அவளே எழுதினாள்.

அடுத்து மூன்றாம் தொகுதி. வரலாறு மிக உயர்ந்த பாடம். ஆனால் மிகுதியாக வாசிக்கவும் நீண்ட கட்டுரைகளை நேரக் கட்டுப்பாட்டில் எழுதவும் வேண்டும். ஆங்கிலம் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளை அதனை உயர்நிலையில் எடுக்குமுன் இருமுறை எண்ண வேண்டும். பொருளாதாரத்திலும் கட்டுரை உண்டு; எனினும் வரைபடம் கைகொடுக்கும், கலைச்சொற்களுக்குத் திட்டமான வரையறை உண்டு. புவியியலில் நிலப்படமும் அட்டவணையும் பேசும். இவ்வாறு சொல்வதால் வரலாற்றின் மீது உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளையை நாம் விலக்கவில்லை. ஆர்வம் என்பது பெரிய எஞ்சின். அது பல டன் சுமையை இழுக்கும். ஆர்வமும் இல்லை, மொழியும் தளர்ச்சி என்ற இடத்தில்தான் தடுக்க வேண்டும்.

உயர்நிலைப் பாடங்கள் மூன்றைத் தேர்வதற்கு நாம் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆறு பாடங்களையும் எதிரே எழுதி, ஒவ்வொன்றிலும் நீண்ட ஆங்கிலக் கட்டுரை எவ்வளவு, குறுவிடை எவ்வளவு, கணக்கும் படமும் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட ஆங்கிலக் கட்டுரை கேட்கும் உயர்நிலைப் பாடம் ஒன்று இருக்கலாம். ஆங்கிலம் வளர அது உதவும். இரண்டு இருந்தால் விழிப்பு வேண்டும். மூன்றும் அத்தகையன என்றால் சுமை மிகும். சரக்கு வேகனின் பக்கத்தில் அது எத்தனை டன் தாங்கும் என்று பெயின்டால் எழுதியிருக்கும். பிள்ளையின் நெற்றியில் அப்படி எழுதியிருப்பதில்லை. ஆகையால் தாங்கும் அளவைப் பெற்றோரும் ஆசிரியரும் அருகிலிருந்து பார்த்தே அறிய வேண்டும். நான்கு உயர்நிலைப் பாடம் எடுத்தான் என்று அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொள்வதில் என்ன பயன்?

இவ்வளவும் மொழியைப் பற்றியது. இனி, போய்ச் சேருமிடத்தைப் பற்றி. பிரயாணி முதலில் ஊரைச் சொல்கிறார். பிறகுதான் நாம் வழியைச் சொல்கிறோம். அதுபோல மேற்படிப்பு எது, எந்நாட்டில் என்று ஓரளவேனும் தீர்மானித்துக்கொண்டு பாடங்களைத் தேர வேண்டும். நம் நாட்டில் இந்தப் பட்டயத்தைப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்கிறது. ஆயினும் பாடச் சேர்க்கை பொருந்த வேண்டும். இங்கே பொறியியல் படிக்கப் பெரும்பாலும் கணிதமும் இயற்பியலும் வேண்டும். வேதியியலையும் பல இடங்களில் கேட்பர். கலைத் தொகுதிக்கு மாற்றாக இரண்டாவது அறிவியலை எடுத்தால் இது கைகூடும்.

மருத்துவமோ சிக்கலானது. நீட் தேர்வுக்குத் தகுதி பெற இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். இப்பட்டயத்தின் வழக்கமான அமைப்பில் மூன்று அறிவியலுக்கு இடமில்லை. பல்கலைக்கழக விதி அவ்வாறு கேட்கிறது என்று காட்டிப் பள்ளி தனி அனுமதி வேண்டிப் பெற வேண்டும். மேலும், நீட், ஜே.இ.இ. ஆகிய நுழைவுத் தேர்வுகள் நம் நாட்டுப் பாடத்திட்டத்தைத் தழுவியவை. அவற்றுக்குத் தனியே படிக்க வேண்டும். இந்தியாவில் மருத்துவம் என்று உறுதி பூண்ட பிள்ளை, மத்தியக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பிலேயே இருப்பது நேர்வழியா என்பதையும் சிந்திக்க வேண்டும். கிடைத்தது என்பதற்காக எல்லா வண்டியிலும் ஏற வேண்டியதில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியவை யாவை? பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நம் போன்றோர், 'இதெல்லாம் நமக்கு என்ன தெரியும்' என்று ஒதுங்க வேண்டியதில்லை. கேள்வி கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. பள்ளியின் ஒருங்கிணைப்பாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எப்பாடங்களை இப்பள்ளி உண்மையில் நடத்துகிறது? தமிழைத் தானே கற்கும் முறையில் எடுக்க ஏற்பாடு உண்டா? வகுப்பு தொடங்கிய பின் பாடத்தையோ நிலையையோ மாற்ற எந்த நாள் வரை இடமுண்டு? மொழித்தாள் அல்லாத பரீட்சைகளில் எளிய இருமொழி அகராதியை வைத்துக்கொள்ள அனுமதி பெறுவது எப்படி? விடைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஆங்கிலம் வளர வேண்டும் என்பதற்காக வீட்டுத் தமிழை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை பள்ளியில் ஆங்கிலத்தில் படித்த பாடத்தை, இரவு உணவின்போது தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவன் சொல்லிவிட்டால், பாடம் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். சொல்ல முடியாமல் தடுமாறினால், ஆங்கில வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறான் என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க நமக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை.

சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அரிச்சுவடி முடிந்ததும் பிள்ளைகள் நின்றுவிடுகின்றனர். பதினோரு வயதுக்கு மேல் வருவோர் மிகச் சிலர். ஆண்டு விழாவில் பாட்டும் பரதமும் அரங்கேறுகின்றன, மகிழ்ச்சியே. ஆனால் முதல் தொகுதிக் கட்டத்தில் துணிந்து தமிழ் என்று எழுத ஒரு பிள்ளைக்கு, அக்கட்டம் வருவதற்கு ஐந்தாண்டு முன்பே கதைப் புத்தகம் கையில் இருந்திருக்க வேண்டும். ஆகவே பதினோரு வயதுக்கு மேற்பட்டோருக்கு ஒரு வாசிப்பு வகுப்பு வேண்டும் என்று இவ்வவையின் முன் வேண்டிக்கொள்கிறோம். மாதம் ஒரு சிறுகதை, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத்து, அவ்வளவே. நம் நூலகத்து அலமாரியில் இருக்கும் நூல்கள் இப்பணிக்குப் போதும். அவற்றைத் திறக்கும் கைகள்தாம் வேண்டும்.

அன்பர்களே! இப்பட்டயம் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தொழிற்பயிற்சிப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், உள்ளூர்க் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையும் நமக்குச் சமமானவரே. ஆனால் எவ்வழியிலும் பாடம் தேர்வது என்பது ஒன்றுதான்: பிள்ளையின் அறிவு எம்மொழியில் நிமிர்ந்து நிற்கிறது என்று கண்டு, அங்கே ஒரு காலை ஊன்றி, மறு காலைப் புதிய இடத்தில் வைக்கச் செய்வது. ஆங்கிலம் நம் பிள்ளைகள் கற்க வேண்டிய ஒரு பாடம். அவர்களின் அறிவு முழுவதையும் அளந்து தீர்ப்புக் கூறும் நீதிபதியாக அதனை நாம் அமர்த்திவிட வேண்டாம்.

இவ்வாண்டு புறப்படும் நம் செல்விக்கு இச்சபையின் சார்பில் வாழ்த்துக் கூறுகிறோம். அவளுக்கு வேண்டிய தமிழ் நூல்களை நம் நூலகம் இரண்டாண்டுக்கும் இரவல் கொடுக்கும் எனச் செயற்குழு முடிவு செய்திருப்பதையும் மகிழ்வோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!